சேவல் கூவிய பிறகு: நிற்காதவர்களின் கதைகள்

(ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

கடைசி வரிசை

சபையில் சாட்சி சொல்லும் கூட்டங்களில் இதுவரை நான் கேட்டதெல்லாம் விசுவாசத்தில் நின்றவர்களின் கதை. அடித்தார்கள், நின்றேன். விரட்டினார்கள், நின்றேன். கர்த்தர் தாங்கினார், அல்லேலூயா. நிற்காமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று மேடையில் யாரும் சொல்வதில்லை. அந்தக் கணக்கில் முதல் ஆளாக என்னையே எழுதிக்கொள்கிறேன்.

அலுவலகத்தில் பதவி உயர்வுப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த வாரம். மேலாளர் அறையில் நாங்கள் மூன்று பேர். என் பிரிவில் வேலை செய்யும் இன்னொருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. "வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்நேரமும் ஜெபம், சபை என்று அலைகிற ஆள். அந்த ரகத்தை நம்பிப் பொறுப்பு கொடுக்க முடியாது" என்றார் மேலாளர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ அந்த ரகம் இல்லையே?" என்று கேட்டார். என் பெயரை வைத்து என் விசுவாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

"சேச்சே" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

சட்டைப்பையில் கையடக்கப் புதிய ஏற்பாடு இருந்தது. கோப்பை எடுக்கக் குனிந்தால் அது வெளியே எட்டிப் பார்த்துவிடுமே என்று இடது கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பார்ப்பவர்களுக்கு நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்பவனைப் போல இருந்திருக்கும்.

பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது. அந்த இன்னொருவர் இப்போது எனக்குக் கீழே வேலை செய்கிறார். நான் விசுவாசி என்பது அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எட்டு மாதங்களாக அவர் கண்ணைப் பார்த்து நான் பேசவில்லை.

சேவல் கூவுமுன் இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடன் பேதுருவுக்காவது பயப்பட நியாயம் இருந்தது. அன்றிரவு வாளும் தடியுமாக வந்து அவன் குருவைப் பிடித்துப்போயிருந்தார்கள். என் எதிரே இருந்தது ஒரு கோப்பு. துணிச்சல் கதைகள் எனக்கு வேண்டாம். விழுந்த கதையோ தள்ளப்பட்ட கதையோ இருந்தால் எழுதுங்கள்.

உரைகல்

மத்தேயு 10:33. மனுஷர் முன்பாகத் தம்மை மறுதலிக்கிறவனைப் பிதாவின் முன்பாகத் தாமும் மறுதலிப்பேன் என்றார் இயேசு. இதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் 21 பேரைக் கழுத்தறுத்துக் கொன்றார்கள். இருபது பேர் எகிப்திலிருந்து பிழைப்புக்குப் போன சாதாரணத் தொழிலாளிகள், ஒருவர் கானா நாட்டவர். கடைசி நேரத்திலும் அவர்கள் வாயில் இயேசுவின் பெயர்தான் இருந்தது. அவர்களுக்குக் கத்தி, உங்களுக்குக் கோப்பு. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சுவரில் ஆணி

கல்லைக் கொஞ்சம் மெதுவாக இறக்குங்கள், உரைகல் சகோதரரே. அந்த வசனத்தைச் சொன்னவர்தான், மறுதலித்த பேதுருவைத் திரும்பிப் பார்த்தவரும்.

என் கதை வேறு. நான் மறுதலிக்கவில்லை, என்னைத்தான் மறுதலித்தார்கள். எங்கள் குடும்பத்தில் இயேசுவை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் நான். இரண்டு ஆண்டுகள் வேதாகமத்தை வேதியியல் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்துப் படித்தேன். (மகளுக்கு வேதியியலில் எவ்வளவு ஆர்வம் என்று அப்பா உறவினர்களிடம் பெருமை பேசியது இன்றும் எனக்குத் தொண்டையில் முள்.) ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஒளிக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அப்பா கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களில் நான் பட்டம் வாங்கிய படத்தை மட்டும் கழற்றி அலமாரிக்குள் வைத்தார். ஆணியைப் பிடுங்கவில்லை. படம் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அழுக்குப் படாமல் சதுரமாக வெளுத்திருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று கடைசியாக நான் பார்த்தது அந்தச் சதுரத்தைத்தான்.

ஏழு ஆண்டுகள் ஆகின்றன. வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் போன் செய்வேன். அப்பா எடுத்தால் என் குரல் கேட்டதும் எதுவும் பேசாமல் ரிசீவரை மேசைமேல் வைத்துவிடுவார். வைப்பார், துண்டிக்கமாட்டார். இந்த வேறுபாடு எனக்குப் புலப்படவே நான்கு ஆண்டுகள் ஆயின. அம்மா வந்து எடுக்கும்வரை அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கும். நடுவில் ஒருமுறை நாற்காலி கிரீச்சிடும். சில நாள் அம்மா வர ஐந்து நிமிடம்கூட ஆகும். அந்த ஐந்து நிமிடமும் அவர் எழுந்து போவதில்லை.

கி.பி. 203-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில், விசுவாசத்தை விடாததால் மிருகங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட பெர்பெத்துவாவைப் பற்றி எல்லாரும் சொல்வது அவளுடைய தைரியத்தை. வயது 22, கையில் பால்குடிக்கும் பிள்ளை. எனக்கு அவள் சிறையில் எழுதிவைத்த குறிப்புகளில் அப்பா வரும் இடங்கள்தான் பிடிக்கும். திரும்பத் திரும்ப வருகிறார். கோபப்படுகிறார், அவள் கைகளை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார். விசாரணையின்போது ஆளுநர் உத்தரவில் அவரைக் கோலால் அடிக்கிறார்கள். அந்த அடி தன்மேல் விழுந்ததுபோல வலித்தது என்று எழுதுகிறாள். நம்பிக்கையை விடவில்லை, அப்பாவையும் பகைவராக எழுதவில்லை.

எங்கள் சபையில் ஒருமுறை ஜெபக் குறிப்புப் பட்டியலில் என் அப்பாவை 'உபத்திரவப்படுத்துகிறவர்' என்று எழுதியிருந்தார்கள். பேனாவை வாங்கி நானே அடித்துவிட்டேன்.

ஒலிபெருக்கி

இடையில் ஒரு சின்னக் கதை. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் எதிர்த்தார். நாங்கள் மூன்று வாரம் உபவாசம் இருந்து 'உபத்திரவம் நீங்க' ஜெபித்தோம். நாலாவது வாரம் அவரே வந்து, "உங்கள் சாமியைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளைக்குப் பரீட்சை. ஒலிபெருக்கியை மட்டும் என் ஜன்னல் பக்கமிருந்து திருப்பி வையுங்கள்" என்றார். திருப்பி வைத்தோம். உபத்திரவம் நீங்கியது.

பேதுரு தம் முதலாம் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில், திருடனாகவும் கொலைகாரனாகவும் பாடுபடாதீர்கள் என்று சொல்லும்போது அதே மூச்சில் அந்நிய காரியங்களில் தலையிடுகிறவனையும் சேர்த்திருக்கிறார். நாங்கள் அந்த வசனத்தைத் தாண்டித்தான் எப்போதும் வாசிப்போம்.

பழைய பக்கங்கள்

பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சேச்சே' என்று சொன்ன தம்பிக்கு முதலில் ஒன்று. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் டேசியஸ், பேரரசில் உள்ள அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பாப்பிரஸ் நாணல் தாளில் எழுதிய அந்தச் சான்றிதழ்கள் எகிப்து மண்ணில் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாம் ஒரே வாசகம்: தெய்வங்களுக்கு எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையிலும் பலியிட்டு அதை உண்டேன், சான்றளிக்க வேண்டுகிறேன். அவற்றில் ஒன்று ஒரு முதியவருடையது. ஆள் அடையாளம் எழுதியிருக்கிறார்கள்: வயது 72, வலது புருவத்தில் தழும்பு. அவர் கிறிஸ்தவரா, ஆணைக்குக் கீழ்ப்படிந்த வேறொருவரா என்று அந்தத் தாள் சொல்லாது. வகுப்பில் அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நான் யோசிப்பது வேறொன்று. கிறிஸ்தவராக இருந்திருந்தால், அதை மடித்து வீட்டில் எங்கே வைத்திருப்பார்?

கிறிஸ்தவர்கள் வரிசையில் நின்று பலியிட்டார்கள் என்பது சபை வரலாற்றில் மறைக்கப்படாத செய்தி. சிலர் பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் ஊரைவிட்டுப் போய் ஒளிந்துகொண்டு கடிதங்கள் வழியாகச் சபையை நடத்தினார். "மேய்ப்பன் ஓடிவிட்டான்" என்று ரோமிலிருந்துகூடக் குத்திக்காட்டினார்கள்.

புயல் ஓய்ந்ததும் விழுந்தவர்கள் திரும்பி வந்தார்கள், ஆயிரக்கணக்கில். என்ன செய்வது? கதவே கிடையாது என்றார் ரோமில் நொவேஷியன் என்ற குரு. உடனே உள்ளே வாருங்கள் என்றது இன்னொரு கூட்டம். 251-இல் கார்த்தேஜில் ஆயர்கள் கூடி ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க முடிவு செய்தார்கள். சான்றிதழ் மட்டும் வாங்கியவருக்கு ஒரு வழி, பலியிட்டவருக்கு நீண்ட மனந்திரும்புதல். அடுத்த உபத்திரவம் நெருங்குகிறது என்று தெரிந்தபோது அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். போருக்குப் போகிறவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அவர்கள் நியாயம். ஓடிப்போனவர் என்று பெயரெடுத்த அதே சிப்ரியன் 258 செப்டம்பர் 14 அன்று ஓடாமல் நின்றார். தலையை வெட்டினார்கள்.

உரைகல் தம்பிக்கு: ஆயர் பாலிகார்ப், இன்றைய துருக்கியில் உள்ள சிமிர்னாவில் எரிக்கப்பட்டதை அறிந்திருப்பீர்கள். "86 ஆண்டுகள் அவருக்குச் சேவை செய்தேன்" என்று கிறிஸ்துவைப் பற்றிச் சொன்ன கிழவர். அவர் மரணத்தைப் பற்றிச் சபையார் எழுதிய கடிதத்தில் குவின்டஸ் என்று ஒருவன் வருகிறான். யாரும் தேடாமலே தானும் முன்வந்து பிறரையும் கிளப்பிக்கொண்டு வந்தவன். மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப்போய்ப் பலியிட்டான். தாங்களாகப் போய் நிற்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று சபையார் அங்கேயே எழுதிவிட்டார்கள். கிழவரோ முதலில் நண்பர்கள் சொல்கேட்டு ஊர்ப்புறப் பண்ணையில் ஒளிந்திருந்தவர். யார் நிற்பார், யார் விழுவார் என்று முன்கூட்டி எழுதிவைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மெழுகுத்திரி

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் வாழவந்த வீட்டில் என் விசுவாசத்துக்கு இடமில்லை என்பது திருமணத்துக்கு முன்பே சொல்லப்பட்டதுதான். காலப்போக்கில் இளகுவார்கள் என்று நினைத்தது என் தவறு. செபமாலையை வைத்திருக்க முடியாது. விரல் கணுக்களில் எண்ணிக்கொள்கிறேன். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும்போது ஒரு தட்டுக்கு ஓர் அருள்நிறை மந்திரம். மாமியார் பார்த்துவிட்டு, "நீ தட்டினால்தான் குழந்தை தூங்குகிறது" என்கிறார். வீட்டு வழிபாட்டில் எல்லாரோடும் நானும் நிற்கிறேன். இரவில் போர்வைக்குள், பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.

கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைக் கிறிஸ்துவின் அல்லது மாதாவின் உருவத்தின்மேல் கால்வைத்து மிதிக்கச் செய்தார்கள். மிதித்தால் பிழைக்கலாம். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனஸ்தாப செபம் சொன்னார்கள். குருக்கள் கிடையாது, ஞானஸ்நானத்தைத் தங்களுக்குள்ளேயே கொடுத்துக்கொண்டார்கள். 1865 மார்ச்சில் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்குள் ஒரு சிறு கூட்டம் தயங்கித் தயங்கி நுழைந்தது. பிரெஞ்சுக் குருவின் அருகே போய் ஒரு பெண், உங்கள் இதயமும் எங்கள் இதயமும் ஒன்றுதான் என்று முணுமுணுத்தாள். அடுத்து அவள் கேட்டது: மாதா சொரூபம் எங்கே இருக்கிறது? இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் மிதித்தவர்களின் பேத்திகள் அவர்கள். தடை அப்போதும் நீங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதன்பின் பிடிபட்டு நாட்டின் வேறு பகுதிகளுக்கு விரட்டப்பட்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேல்.

என்னை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. என்னைப்போல் இருந்தவர்களும் உண்டு என்று தெரிந்த அன்று கொஞ்சம் தூங்கினேன்.

பெட்டியோடு வந்தவள்

சுவரில் ஆணி அக்கா எழுதியதைப் படித்து அழுதேன். என் கோபம் வீட்டார்மேல் இல்லை, சபைமேல். என் சாட்சியைக் கேட்டு எல்லாரும் கைதட்டினார்கள். "நாங்கள்தான் இனி உன் குடும்பம்" என்று போதகர் மேடையில் சொன்னார். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கைகுலுக்கிக் கிளம்பினார்கள். மின்விளக்குகளை அணைக்க வந்த காவலாளி, "நீங்கள் போகவில்லையா?" என்று கேட்டார். இரண்டு கிறிஸ்துமஸ் இப்படிப் போனது. மூன்றாவது ஆண்டு காவலாளியின் மனைவி அழைத்துப் போனார்.

பதினொரு நாற்காலி

எனக்கு எழுத வராது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் பதினொரு நாற்காலி போட்டு ஜெபக்கூட்டம். ஒரு மாலை இருபது முப்பது பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடித்தார்கள். பிறகு எங்களையே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். இரவு முழுக்க உட்காரவைத்துவிட்டு, விடியற்காலையில் ஒரு தாளை நீட்டினார்கள். இனி இப்படிக் கூடமாட்டேன், யாரையும் அழைக்கமாட்டேன் என்று எழுதியிருந்ததாம். 'எழுதியிருந்ததாம்' என்று ஏன் சொல்கிறேன் என்றால் நான் அதைப் படிக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடியை மாலையிலேயே மிதித்து உடைத்துவிட்டார்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்பது என் அப்பா சொன்ன பாடம். "படிக்க முடியவில்லை ஐயா" என்றேன். மறுபடி நீட்டினார்கள், மறுபடி அதையே சொன்னேன். அதற்குள் பணி மாறும் நேரம் வந்துவிட்டது. சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் என் நண்பன். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும். வீட்டில் அவன் மனைவிக்கு நிறைமாதம். படித்துப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபின் என்னை நாலைந்து சபைகளில் மேடையேற்றினார்கள். 'கையெழுத்திட மறுத்த விசுவாச வீரர்.' கண்ணாடி கதையை நான் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவன் அடுத்த ஞாயிறு சபைக்கு வந்தான். அவன் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. குழந்தை பிறந்ததைக்கூட நான் மூன்றாம் ஆள் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அன்று நான் நின்றேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணாடி முழுசாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

உரைகல்

வசனத்தை நான் வளைக்கமாட்டேன். எழுதியிருப்பது எழுதியிருப்பதுதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். நாங்கள் நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள். என்னிடம் எவரும் எந்தத் தாளையும் நீட்டியதில்லை. அடித்த அன்று நான் அங்கே இல்லை, கையெழுத்துப் போட்டவர் வந்து தனியாக உட்கார்ந்த அந்த ஞாயிறு போன்ற ஞாயிறுகளில் இருந்திருக்கிறேன். வேறு வரிசையில்.

சுவரில் ஆணி

பதினொரு நாற்காலி அண்ணா, யோவான் சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. 18-ஆம் அதிகாரத்தில் அதன் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டு பேதுரு மறுதலிக்கிறான். 21-இல் கடற்கரையில் இயேசுவே கரிநெருப்புப் போட்டு அவனுக்காகக் காத்திருக்கிறார். அந்த வாசனையே அவனுக்கு எல்லாவற்றையும் நினைவுபடுத்தியிருக்கும். ஏன் மறுதலித்தாய் என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட வா என்கிறார். நேசிக்கிறாயா என்பது அதற்குப் பிறகுதான். நண்பரை நீங்கள் போய்ப் பார்க்கலாமே.

கடைசி வரிசை

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். நேற்று மாலை எல்லாரும் போனபின் அந்தச் சக ஊழியரிடம் போய் நின்றேன். எட்டு மாதம் ஒத்திகை பார்த்த பேச்சு. அறையில் நடந்தது, அவரைப் பற்றி மேலாளர் சொன்னது, நான் சொன்ன ஒற்றைச் சொல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணினியை அணைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "எனக்குத் தெரியும். அன்று அறைக்கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை" என்றார்.

எட்டு மாதமாகத் தெரிந்தே தினமும் எனக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார்.

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாக இங்கே எழுத ஆசைதான். சொல்லவில்லை.

பதினொரு நாற்காலி

போனேன். கதவைத் திறந்தது அவன் பையன். மூன்று வயது. நான் யார் என்று கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நண்பனிடம் கண்ணாடி கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான், வெகுநேரம். அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இங்கே நீங்கள் எல்லாரும் எழுதியவற்றை அவனிடம் காட்டினேன். மெதுவாகப் படித்தான். பழைய பக்கங்கள் ஐயாவிடம் ஒன்று கேட்கச் சொன்னான்: அந்தச் சிப்ரியன் எத்தனை நாள் ஒளிந்திருந்தார்?

பழைய பக்கங்கள்

250-இன் தொடக்கத்தில் போனவர், 251 ஈஸ்டருக்குப் பிறகுதான் திரும்பினார். ஓராண்டுக்கும் மேல்.

பதினொரு நாற்காலி

சொன்னேன் ஐயா. "அப்படியானால் என் கணக்குத்தான் பெரிது" என்றான். ஞாயிறு ஆராதனையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கிளம்பும்போது பையன் என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டான். வாங்கித் துடைத்து என் கையில் கொடுத்தது நண்பன்தான்.